பதில் வணக்கம்

தோமிசே நகராட்சியில் ஏப்ரல் முதல் தேதி வந்தால், யாருக்கு எந்த வேலை தெரியாதோ அந்த வேலையில் அவரைக் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். ஒரே நாற்காலியில் நாலைந்து வருஷம் உட்கார்ந்தால் மனிதனுக்கு வேலை பழகிவிடும். பழகிவிட்டால் கேள்வி கேட்பான். அது நிர்வாகத்துக்கு நல்லதல்ல. ஆகவே இடுகாட்டுப் பிரிவில் இருந்தவர் நூலகத்துக்குப் போவார், நூலகத்தில் இருந்தவர் கழிவுநீருக்குப் போவார். யாரும் முகம் சுளிப்பதில்லை. பழைய ஆளின் தேநீர்க் கறையைத் துடைத்துவிட்டுப் புது மேசையில் உட்கார்ந்துகொள்வார்கள்.

அப்படித்தான் கமோஷிதா தகவல் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். அதுவரை குப்பைப் பிரிவில் இருந்தவர். எந்தத் தெருவில் எந்தக் கிழமை மீன்முள்ளைப் பாட்டிலோடு கலந்து போடுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது எந்தக் கிழமைக் குப்பை என்பது மட்டும்தான்.

அந்த இடத்தில் முன்பு இருந்தவர் இடுகாட்டுப் பிரிவுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். கமோஷிதாவை மூன்றாம் மாடித் தாழ்வாரத்தின் கடைசிக்கு அழைத்துப்போய் ஒரு சின்ன அறையைத் திறந்து காட்டினார். உள்ளே ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் பச்சை விளக்குகள் மினுக்கும் தட்டையான பெட்டி.

"இதுதான் ஸ்விட்ச். மொத்த ஆபீஸ் ஒயரும் இதுக்குள்ளதான் வருது."

"நான் இதை வச்சு என்ன செய்யணும்?"

"தொடாம இருக்கணும்."

"வேற?"

"யாராவது தொட வந்தா, தொடாதீங்கன்னு சொல்லணும். அவ்வளவுதான். நல்ல வேலை. எனக்குக் கொடுத்து வைக்கல." இதைச் சொல்லிவிட்டு அவர் செத்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

பெட்டி ஒன்றுதான். ஆனால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் எழுப்பி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். அந்த அறைக்கு விலான் என்று பெயர். ஒவ்வோர் அறைக்கும் தனி முகவரி வரிசை உண்டு, அதற்கு சப்நெட் என்று பெயர். ஆற்றுப் பிரிவுக்கு முப்பதாம் அறை, பேரிடர்ப் பிரிவுக்கு நாற்பதாம் அறை. இரண்டு பிரிவின் ஒயர்களும் அடுத்தடுத்த ஓட்டையில் செருகப்பட்டு, தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்தன. ஆனால் இந்த அறையில் இருப்பவருக்கு அந்த அறையில் யார் இருக்கிறார் என்று தெரியாது. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் செய்தி போகவேண்டுமானால், 'இங்கிருந்து அங்கே வழி உண்டு' என்று யாராவது அந்தப் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். அதுதான் ரூட். யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அது பாதுகாப்புக் குறைவு.

வெளியிலும் அப்படித்தான். இரண்டு பிரிவும் ஒரே மாடியில், ஒரே கூடத்தில்தான் இருந்தன. நடுவில் கோப்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தி, மேலே ஒரு ரப்பர் செடியை வைத்திருந்தார்கள். கொஞ்சம் எக்கிப் பார்த்தால் ஆற்றுப் பிரிவின் சுவர்த் திரை பேரிடர்ப் பிரிவுக்குத் தெரியும். பாலத்தடியில் பொருத்திய கருவி அசே ஆற்றின் நீர்மட்டத்தை அந்தத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் எக்கிப் பார்ப்பது தகவல் கசிவு என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அதனால் பேரிடர்ப் பிரிவில் உயரமானவர்களைச் சேர்ப்பதில்லை.

வெள்ளச் சைரனை ஊதுகிற அதிகாரம் பேரிடர்ப் பிரிவுக்கு. ஊதலாமா என்று முடிவு செய்ய வேண்டிய எண் ஆற்றுப் பிரிவிடம். நடுவே வழி? கமோஷிதாதான் வழி. ஆற்றுப் பிரிவு எண்ணைக் காகிதத்தில் அச்செடுக்கும். தகவல் பிரிவு ஆள் அதை வாங்கி, அலமாரி வரிசையைச் சுற்றிப்போய், தரையில் ஒட்டிய மஞ்சள் கோட்டருகே நின்று, "ஆற்றுப் பிரிவிலிருந்து எண் வந்திருக்கிறது" என்று சொல்ல வேண்டும். அங்கே ஒருவர் எழுந்து வருவார். இவர் குனிவார், அவர் குனிவார், இரண்டு கையாலும் காகிதம் மாறும். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரைக்கும் சாப்பாட்டு நேரம், விளக்கை அணைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் ஆறு ஏறக்கூடாது.

கமோஷிதாவின் பெயர் அட்டையில் 'பிரிவிடைப் பாதைப் பொறுப்பாளர்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அதைப் பார்த்து அவருடைய அக்கா யாசுயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இத்தனை வருஷம் குப்பை. இப்ப ரோடு. அடுத்த ஏப்ரல்ல என்னடா ஆவே, பாலமா?"

யாசுயேயின் வீடு நுமஷிதாவில், ஆற்றங்கரையை ஒட்டிய பள்ளத்தில். முன்பக்கம் கொன்யாக்கு என்கிற கிழங்குக் கட்டி விற்கும் கடை, பின்பக்கம் வீடு. அவள் கணவன் ஜுன்சாகு ஒரு காலத்தில் சுவர் பூசுகிறவர், நல்ல ஆகிருதி. மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து கீழ் அறையில் படுத்தவர் எழவில்லை. பேச்சு குழறும், சிரிப்பு மட்டும் குழறாது.

போன இலையுதிர் காலத்தில் ஆறு ஏறியபோது, எண் சாப்பாட்டு நேரத்தில் மாட்டிக்கொண்டது. சைரன் தாமதமாக ஊதியது. அந்த ஊரில் தன்னார்வத் தீயணைப்புக் குழு ஆட்கள் சைரன் கேட்டால்தான் கிளம்புவார்கள். சைரனுக்கு முன்னால் கிளம்பி அடிபட்டால் காப்பீடு கிடையாது. அவர்கள் வந்து, கதவைக் கழற்றி அதில் ஜுன்சாகுவைப் படுக்க வைத்து, முழங்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"போன தடவை முழங்காலோட போச்சு," என்றாள் யாசுயே, தம்பியின் தட்டில் கொன்யாக்கை அடுக்கிக்கொண்டே. "அடுத்த தடவை? நீதான் ரோடாச்சே. கொஞ்சம் வேகமா ஓடக் கூடாதா?"

ஜுன்சாகு படுத்தபடியே ஏதோ சொன்னார். அக்காதான் மொழிபெயர்த்தாள். "அத்தான் சொல்றார், இவன் ஓடினா மாடிப்படில விழுவான்னு."

கமோஷிதா சிரித்தார். ஆனால் அந்த முழங்கால் தண்ணீர் அவர் மனசைவிட்டுப் போகவில்லை. திங்கட்கிழமை காலை, ஸ்விட்ச் பெட்டியைப் பராமரிக்கிற கம்பெனியிலிருந்து வரும் குனுகி என்ற பெண்ணிடம் கேட்டார்.

"இந்த முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவுல வழி வைக்கணும்னா எவ்வளவு நாள் ஆகும்?"

"நாளா? போறதுக்கு ஒரு வரி, வர்றதுக்கு ஒரு வரி. கை கழுவிட்டு வர்ற நேரம் ஆகாது."

"வர்றது எதுக்கு? எண் போனா போதாதா?"

"போதாது கமோஷிதா சான். மிஷினும் நம்மள மாதிரிதான். ஆத்துப் பக்கத்து மிஷின் முதல்ல குனிஞ்சு வணங்கும். இந்தப் பக்கத்து மிஷின் பதிலுக்குக் குனியணும். அப்புறம்தான் அது வாயைத் திறந்து எண்ணைச் சொல்லும். பதில் வரலேன்னா மறுபடி குனியும், மறுபடி குனியும், அவ்வளவுதான். விஷயத்துக்கே வராது."

"நல்ல வளர்ப்பு," என்றார் கமோஷிதா.

"நகராட்சி எழுதிக் கொடுத்தா போட்டுடுவேன். எழுதிக் கொடுக்கறதும் கொடுக்காததும் உங்க பாடு. அப்புறம் ஒண்ணு, ஒப்பந்தப்படி புதன்கிழமைதான் பெட்டில கை வைப்போம்."

எழுதிக் கொடுப்பதுதானே என்று கமோஷிதா நினைத்தார். குப்பைப் பிரிவில் இருந்து வந்தவர், அவ்வளவுதான் விவரம்.

தகவல் பிரிவுத் தலைவர் ஹபு மிக மரியாதையான மனிதர். யார் என்ன கேட்டாலும் மூச்சை உள்ளே இழுத்து, பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று ஓசை எழுப்பி, தலையைச் சாய்ப்பார். அந்த ஓசையைக் கேட்டவர்கள் பொதுவாக எழுந்து போய்விடுவார்கள். கமோஷிதா போகவில்லை.

"இதுக்கு முன்னாடி யாராவது இப்படிக் கேட்டிருக்காங்களா?"

"இல்ல தலைவரே."

"அதான் பிரச்சினை. முதல்ல கேக்கறவங்க இருக்கக்கூடாது. ரெண்டாவதா கேக்கறவங்களுக்கு நாம எப்பவும் உதவி செய்வோம்."

இருந்தாலும் மனுவை எழுதச் சொன்னார். எழுதி, கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையைக் குத்தி, கமோஷிதா நீட்டினார். ஹபு அதை வெகுநேரம் பார்த்தார்.

"கமோஷிதா, உங்க முத்திரை நேரா நிக்குது."

"நேராத்தான் குத்தினேன்."

"மேல வரப்போறது என் முத்திரை. கீழ இருக்கறது உங்களது. கீழ இருக்கறது மேல இருக்கறதைப் பார்த்துக் கொஞ்சம் சாயணும். குனியற மாதிரி. இது என்னமோ நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, 'என்னடா?'ன்னு கேக்கற மாதிரி இருக்கு."

கமோஷிதா வேறு மனு எழுதி, சாய்த்துக் குத்தினார். "இது மயங்கி விழுந்த மாதிரி இருக்கு," என்றார் ஹபு. மூன்றாவது மனுவில்தான் முத்திரை சரியான பணிவோடு நின்றது. பிறகு, கூட்டம் கூடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து, இனிப்புப் பெட்டி கொடுத்து, கூட்டத்தில் என்ன பேசப் போகிறோம் என்று சொல்லி, கூட்டத்தில் யாரும் ஆச்சரியப்படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இது அங்கே எழுதாத சட்டம். கமோஷிதா பயறு இனிப்பு வாங்கிய வாங்கலைப் பார்த்து, ஊரிலுள்ள கடைக்காரர் அவருக்குக் கல்யாணமோ என்று விசாரித்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது 'பிரிவிடைப் பாதை ஆய்வுக் குழு' கூடியது. ஆற்றுப் பிரிவுத் தலைவர் தொகாஷி முதலில் பேசினார்.

"நதியை அளக்கறது எங்க வேலை. அளந்துட்டோம். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படறது எங்க வேலை இல்ல. நாங்க இதுவரைக்கும் ஒரு தடவைகூடப் பயந்ததில்ல, பதிவைப் பாருங்க. எண்ணை அனுப்பறதுல ஆட்சேபணை இல்ல. ஆனா அனுப்பினதும் அது எங்களுது இல்லேன்னு ஆயிடணும். அங்க போய் யாரையாவது மூழ்கடிச்சுதுன்னா, அது அவங்க எண்."

பேரிடர்ப் பிரிவுத் தலைவர் முகாசா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். அவருக்கு வெண்கலக் குரல். பள்ளிகளில் பேரிடர் விழிப்புணர்வு உரை நிகழ்த்துபவர்.

"மக்களோட உயிர்தான் எங்களுக்கு முக்கியம். அதுல ரெண்டு பேச்சு கிடையாது. எண் வரட்டும். தாராளமா வரட்டும். ஆனா இந்தப் பதில் வணக்கம்னு ஏதோ சொல்றாங்களே, அது ஆபத்தானது. பதில் சொன்னா என்ன அர்த்தம்? கிடைச்சுதுன்னு அர்த்தம். கிடைச்சுதுன்னா? தெரிஞ்சிருந்ததுன்னு ஆகும். தெரிஞ்சிருந்தா ஏன் ஊதலேன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். தெரியாத வரைக்கும்தான் ஒரு பிரிவு மக்களுக்குத் தைரியமா சேவை செய்ய முடியும்."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். கமோஷிதா எழுந்து, பதில் வணக்கம் போகாவிட்டால் எண்ணே வராது என்று குனுகி சான் சொன்னதை, தனக்குப் புரிந்த மட்டும் சொன்னார். கூட்டம் அமைதியாகக் கேட்டது. முன்கூட்டியே தனித்தனியாகச் சொல்லாத விஷயம் அது, ஆகவே எல்லோரும் ஆச்சரியப்பட வேண்டியதாகிவிட்டது. ஹபு பல்லிடுக்கில் மூச்சிழுத்தார்.

"இரு தரப்பு உணர்வையும் மதிச்சு," என்றார் ஹபு, "போற வழியை மட்டும் திறப்போம். வர்ற வழியைப் பத்தி அடுத்த நிதியாண்டுல பேசுவோம். இது எல்லாருக்கும் பாதி வெற்றி."

எல்லோரும் கைதட்டினார்கள். பாதிப் பாலத்தைக் கட்டிவிட்டுப் பாதி ஆற்றைத் தாண்டிவிட்டோம் என்கிற கதைதான்.

உத்தரவு குனுகியிடம் போனது. அவள் படித்துப் பார்த்துவிட்டு, "இது வேலை செய்யாதே," என்றாள். பிறகு இரண்டு தலைவர்களின் முத்திரையும் கீழே அழகாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்தாள். "சரி, ஒரு வரி," என்று புதன்கிழமை வந்து ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போனாள். அவளையும் குறை சொல்வதற்கில்லை. அவளும் யாருக்கோ கீழே சாய்ந்து நிற்கிற முத்திரைதான்.

திறப்பு விழா நடந்தது. மேயர் வந்தார். ஸ்விட்ச் அலமாரிக்குக் குறுக்கே சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டினார்கள். நகராட்சியின் செல்லப் பொம்மையான மிசுமாருவும் வந்தது. மிசுமாரு என்பது நீர்த்துளி வடிவத்தில் தைத்த உடைக்குள் ஒரு ஆள். அந்த வயிறு அறை வாசலில் நுழையாததால், வெளியே நின்று உள்ளே கையாட்டியது. "இன்று முதல் நதியே நம்மோடு பேசும்" என்றார் மேயர். காகிதம் எடுத்துப் போகும் பழைய முறை அன்றோடு ஒழிக்கப்பட்டது என்று சுற்றறிக்கை வந்தது. தரையிலிருந்த மஞ்சள் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

நகராட்சிச் செய்தி இதழில் கமோஷிதாவின் படமும் வந்தது, மிசுமாருவின் வயிற்றுக்குப் பின்னால் பாதி முகம். யாசுயே அதைக் கத்தரித்துக் கடையில் ஒட்டிவைத்தாள். வாங்க வந்தவர்களிடமெல்லாம் விரலை வைத்துக் காட்டினாள். "இது என் தம்பி. இந்தக் காது மட்டும் தெரியுது பாருங்க, அதான். இனிமே தண்ணி ஏறுச்சுன்னா தானா சைரன் ஊதும். அவன் போட்ட வழி."

பேரிடர்ப் பிரிவின் புதுத் திரையில் எண் வர வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு இருந்தது. காலையில் கோடு. மாலையில் கோடு. அலமாரிக்கு அந்தப் பக்கம் ஆற்றுப் பிரிவின் திரையில் நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் கோடு. கமோஷிதா முகாசாவிடம் போனார்.

"தலைவரே, எண் வரலை. கோடுதான் வருது."

"கோடு வருதில்ல? அப்ப ஏதோ வருது."

"அது ஒண்ணும் வரலேன்னு அர்த்தம்."

"ஒண்ணும் வரலேன்னா ஆபத்தும் வரலேன்னுதானே? நான் இத்தனை வருஷத்துல இவ்வளவு அமைதியான திரையைப் பார்த்ததில்ல."

ஹபுவிடம் போனார். மேயர் ரிப்பன் வெட்டிய ஒன்றைப் பழுது என்று எழுதினால் ரிப்பன் வெட்டியது பொய்யாகிவிடும் என்றார் ஹபு. வேண்டுமானால் அடுத்த நிதியாண்டில் அதை 'மேம்பாடு' என்று எழுதலாம். மறுநாள் திரைக்கு மேலே 'சீராக இயங்குகிறது' என்று யாரோ சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

இதை அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தார். ஆகஸ்டில் முன்னோர்களுக்கு விளக்கேற்றுகிற நாளில் அங்கே போனபோது, கடைச் சுவரில் தன் காதைப் பார்த்தார். படுக்கையிலிருந்த ஜுன்சாகு ஒரு கையைத் தூக்கி, சைரன் ஊதுவதுபோல் வாயைக் குவித்துக் காட்டிச் சிரித்தார். கமோஷிதாவும் சிரித்தார். சரியானபின் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டார். வெட்கம்தான், வேறென்ன.

செப்டம்பர் நடுவில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிந்து விளக்கைப் போட்டதும் கமோஷிதா ஆற்றுப் பிரிவுக்குப் போய்ப் பார்த்தார். சுவர்த் திரையில் எண் சிவப்பாகியிருந்தது. தொகாஷி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கத்துக்குத் தெரியுமா?" என்றார் கமோஷிதா.

"நாங்க அனுப்பிட்டோம். அனுப்பற விளக்கு மினுக்குது பாருங்க."

மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. தாழ்வாரத்தின் கடைசி அறையில், அந்த ஸ்விட்ச் பெட்டிக்குள், ஆற்றின் சார்பில் ஒரு யந்திரம் குனிந்துகொண்டிருந்தது. பதில் இல்லை. மறுபடி குனிந்தது. அப்படியும் இல்லை. மறுபடி குனிந்தது. விஷயம் அதன் வாயிலேயே இருந்தது.

கமோஷிதா எண்ணை ஒரு காகிதத்தில் கிறுக்கிக்கொண்டு அலமாரி வரிசையைச் சுற்றி ஓடினார். மஞ்சள் கோடு இருந்த இடத்தில் பழக்கத்தால் கால் நின்றது. "ஆற்றுப் பிரிவிலிருந்து எண் வந்திருக்கிறது!" முகாசா எழுந்து வந்தார். கமோஷிதா குனிந்தார். முகாசாவும் குனிந்தார். ஆனால் கையை நீட்டவில்லை.

"கமோஷிதா, காகிதப் பாதையை மூடியாச்சு. உங்க பிரிவு அனுப்பின சுற்றறிக்கைதான்."

"கண்ணால பாருங்க தலைவரே. அலமாரிக்கு மேல தலையை நீட்டினா தெரியும்."

"என்னை எக்கிப் பார்க்கச் சொல்றீங்களா?" முகாசாவின் வெண்கலக் குரல் நிஜமாகவே புண்பட்டிருந்தது. "இப்ப இதை நான் வாங்கினா, திரை வேலை செய்யலேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. திரை வேலை செய்யலேன்னா நேத்து என்ன செஞ்சீங்க, முந்தாநேத்து என்ன செஞ்சீங்கன்னு வரும். நான் ஹபுகிட்டப் பேசறேன். முறைப்படி போவோம்."

அந்த நேரத்தில் கமோஷிதாவின் போன் அடித்தது. அக்கா.

"தம்பி, கடைக்குள்ள தண்ணி வந்துடுச்சுடா. சைரன் ஊதலை. ஊதலேன்னா இன்னும் அளவு தாண்டலேன்னுதானே அர்த்தம்?"

"அக்கா, கிளம்பு. இப்பவே கிளம்பு."

"எப்படிடா கிளம்பறது? அத்தானை நான் ஒருத்தி தூக்க முடியுமா? குழு ஆளுங்களுக்குப் போன் போட்டேன். உன் தம்பி மிஷின்தான் ஊதுமே அக்கா, ஊதினதும் ஓடி வர்றோம்ங்கறாங்க. உடுப்பு மாட்டிக்கிட்டு ரெடியா உக்காந்திருக்காங்க."

"ஊதிடும் அக்கா. இதோ. இதோ ஊதிடும்." போனைக் காதில் வைத்தபடியே அவர் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார், அவள் எதிரே நிற்பதுபோல.

"சரி, நீ இருக்கே. அது போதும்." அவள் வைத்துவிட்டாள்.

முகாசா ஹபுவைக் கூப்பிட்டார். ஹபு தொகாஷியைக் கூப்பிட்டார். மூன்று தலைவர்களும் ரப்பர் செடியருகே கூடினார்கள். குனுகியைப் போனில் பிடித்தார்கள். "இங்கேருந்தே ரெண்டாவது வரியைப் போட்டுடலாம்," என்றாள் அவள், "இன்னிக்கு வியாழக்கிழமை, பரவாயில்ல, மூணு பேரும் வாய்ல சொன்னாக்கூடப் போதும்." வாய்ல சொல்வதா என்று மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்வதென்றால் என்னவென்று சொல்வது? பழுதுநீக்கம் என்றால் விழா பொய். கூடுதல் என்றால் நிதியாண்டு இடிக்கிறது. மழை ஜன்னலில் அறைந்துகொண்டிருக்க, அவர்கள் சொல்லைத் தேடினார்கள்.

"எதையாவது சொல்லுங்க! என் அக்கா வீட்டுக்குள்ள தண்ணி!" கமோஷிதா கத்தினார். அந்தக் கூடத்தில் ஒருவர் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. தட்டச்சுச் சத்தம் நின்றது. ஹபு வருத்தத்தோடு அவரைப் பார்த்தார்.

"கமோஷிதா, சொந்தக்காரங்க இருக்கற இடத்துக்காகப் பேசினா, அது சமநீதி இல்ல. நீங்க கொஞ்சம் வெளில நில்லுங்க."

அவர் போய் நின்றார். அதைத்தான் பிற்பாடு அவரால் விழுங்க முடியவில்லை. அலமாரியைத் தள்ளிவிட்டுச் சைரன் பொத்தானை அழுத்தியிருக்கலாம். பொத்தான் முகாசாவின் மேசையில் பிளாஸ்டிக் மூடி போட்டு எல்லோர் கண்ணிலும் பட இருந்தது. ஆனால் ஹபு சொன்னதும் இத்தனை வருஷப் பழக்கத்தில் உடம்பு தானாகக் குனிந்தது, தானாக வெளியே போய்விட்டது.

கடைசியில் 'முன்கூட்டிய மேம்பாடு' என்கிற சொல்லைக் கண்டுபிடித்தார்கள். மூவரும் சம்மதித்தார்கள். குனுகி இரண்டாவது வரியைப் போட்டாள். அவள் சொன்னது பொய்யில்லை, கை கழுவுகிற நேரம்கூட ஆகவில்லை. திரையில் கோடு மறைந்து எண் துள்ளி வந்தது. சிவப்பு எண். முகாசா மூடியைத் தூக்கிப் பொத்தானை அழுத்தினார். தோமிசே முழுக்கச் சைரன் கணீரென்று கேட்டது. கூடத்தில் யாரோ கைதட்டினார்கள். வேலை செய்கிறதே!

கமோஷிதா நுமஷிதாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. குழு ஆட்கள் படகைக் கட்டிவிட்டு, தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் மாடிப்படியில் யாசுயே உட்கார்ந்திருந்தாள். எப்படித்தான் இழுத்தாளோ, அந்தப் பெரிய உடம்பை நாலாவது படி வரைக்கும் இழுத்துக் கொண்டுவந்திருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. புருஷனின் கக்கத்தில் கொடுத்த கையை இன்னும் எடுக்கவில்லை. தண்ணீர்த் தடம் சுவரில் ஆறாவது படிக்கு நேராக இருந்தது. அவள் தம்பியைப் பார்த்தாள்.

விசாரணை நடந்தது. அறிக்கையை மேயரே வாசித்தார். "அன்றைய தினம் முழுவதும் பிரிவுகளுக்கிடையிலான தடுப்பு முழுமையாகக் காக்கப்பட்டது. அனுமதியின்றி ஒரு செய்திகூட ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கடக்கவில்லை என்பதைப் பெருமையுடன் உறுதிசெய்கிறோம். இரு தரப்பும் அனுமதித்த கணத்தில் எண் உடனடியாகக் கடந்தது. ஆகவே அமைப்பில் குறையில்லை. நதியின் வேகம் எதிர்பார்ப்பை மீறியதாக இருந்தது." அமைப்பில் குறையில்லை என்றாலும் ஓர் உயிர் போயிருப்பதால், வீட்டுக்கே போய் வணங்கி மன்னிப்புக் கேட்பது என்று முடிவாயிற்று.

முந்தின நாள் தாழ்வாரத்தில் ஒத்திகை பார்த்தார்கள். எவ்வளவு குனிவது, படமெடுப்பவர்கள் எந்தப் பக்கம், மிசுமாரு வேண்டாம் என்பதெல்லாம் பேசி முடிவானது. மேயர் குனிந்தால் எல்லோரும் குனிய வேண்டும். எதிர்த் தரப்பு பதிலுக்குக் குனிந்த பிறகு மேயர் நிமிர்வார், மேயர் நிமிர்ந்ததும் மற்றவர்கள். அவருக்கு முன்னால் எவனும் தலை தூக்கக்கூடாது. கமோஷிதாவுக்கு வரிசையின் கடைசி இடம். சொந்தக்காரர் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்றார் ஹபு.

நுமஷிதாவில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. கறுப்பு உடையில் வரிசையாக நின்றார்கள். யாசுயே உள்ளே சேற்றை அள்ளிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து வாசலில் நின்றாள். பின்னால், தண்ணீர்த் தடத்துக்கு மேலே, அந்தக் கத்தரித்த படம் நனையாமல் ஒட்டியிருந்தது.

"எங்கள் ஆழ்ந்த…" என்று தொடங்கி முடித்துவிட்டு மேயர் குனிந்தார். முகாசா குனிந்தார், தொகாஷி குனிந்தார், ஹபு குனிந்தார். கமோஷிதா குனிந்தார். கேமராக்கள் படபடவென்று அடித்து ஓய்ந்தன. குனிந்த தலைக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவின் ரப்பர் பூட்ஸ்தான். சேறு அப்பிய இரண்டு பூட்ஸ். அவை அசையவில்லை.

நேரம் போயிற்று. மேயரின் முதுகு லேசாக நடுங்கத் தொடங்கியது. முகாசாவுக்கு மூச்சு வாங்கியது. ஹபு தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் கிசுகிசுத்தார்.

"கமோஷிதா, பதில் வந்துடுச்சா பாருங்க."

"இல்ல."

"நல்லாப் பாருங்க."

பூட்ஸ் இரண்டும் திரும்பின. வீட்டுக்குள் போயின. சற்று நேரத்தில் மண்வாரி தரையில் உரசும் சத்தம் கேட்டது. அள்ளினாள், கொட்டினாள். மறுபடி அள்ளினாள். யாரும் நிமிரச் சொல்லாததால் அவர்கள் அப்படியே குனிந்திருந்தார்கள்.